ஸ்போக் இறங்காத மண்

"புல்லுதானே சார், பழசைச் செதுக்கி எறிஞ்சிட்டு ரெண்டு நாள்ல புதுசு விரிச்சிடலாம்" என்றார், ஒரகடம் தொழிற்சாலையில் என் இடத்துக்கு வந்திருக்கும் தம்பி. விரித்தும் விட்டார்கள். ஆந்திரத்துக் கடியத்திலிருந்து சுருட்டி லாரியில் வந்த புல் பாய். விரித்த வாரம் போட்டோ எடுத்தால் பிரமாதமாகத்தான் இருக்கும். பாயோடு வருவது ஒரு இஞ்ச் களிமண். அதற்குக் கீழே இருப்பதை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

கீழே என்ன இருக்கிறது என்று இருங்காட்டுக்கோட்டை முதல் வல்லம் வடகால் வரை சிப்காட் மனைகளில் வேலை பார்த்த எந்தத் தோட்டக்காரரும் சொல்வார். தாழ்ந்த நிலத்தில் லோடு லோடாகக் கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, வைப்ரேட்டர் ரோலர் ஓட்டி, மறுபடி ஓட்டி இறுக்குவார்கள். ஷெட்டுக்கும் ரோட்டுக்கும் அப்படித்தான் செய்ய வேண்டும். அதே ரோலர் தோட்டத்துக்கென்று விட்ட இடத்திலும் ஓடும். கடைசியில் அரை அடி செம்மண்ணைப் பரப்பி, "இதுல லான் போட்டுடுங்க" என்று நம்மிடம் ஒப்படைப்பார்கள். அதன் மேல்தான் மே மாதம் குடும்ப விழா, டிபார்ட்மென்ட் கிரிக்கெட், பந்தல், கேட்டரிங் வண்டி எல்லாம். அக்னி நட்சத்திரம் கழியும்போது பாதித் தரை சொட்டையாகக் கிடக்கும். பழி மட்டும் வெயில் மேல்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்தவர் கிண்டி ரேஸ்கோர்ஸில் மண் சுமந்து வளர்ந்தவர். மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். நான் தோட்டக்கலை டிப்ளமா என்று சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. பந்தயம் முடிந்ததும் கூடையோடு இறங்கி, குளம்பு பெயர்த்த குழிகளை ஒவ்வொன்றாக மணல் கலந்த மண்ணால் கையால் நிரப்புவது அவருடைய இளம் வயது வேலை. அந்தக் காலத்தில் வெயில் ஏறியதும் பந்தயம் ஊட்டிக்குப் போய்விடும். கிண்டிப் புல்லுக்குக் கோடை முழுக்க ஓய்வு. "குதிரை மிதிச்ச புல்லுக்கே லீவு குடுத்தான் வெள்ளக்காரன். நீங்க வெயில்லதான் திருவிழா வெக்கிறீங்க" என்பார். 2024 செப்டம்பரில் அரசு ரேஸ்கோர்ஸின் 160 ஏக்கரைத் திரும்ப எடுத்துக்கொண்ட செய்தி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. இருந்திருந்தால், நிலம் போனதைவிடப் புல் என்ன ஆகும் என்றுதான் கேட்டிருப்பார்.

அவர் மடியில் எப்போதும் ஒரு சைக்கிள் ஸ்போக் இருக்கும். தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் விடியலில் வெறுங்காலோடு தரையில் இறங்கி, அங்கங்கே ஸ்போக்கைக் கட்டைவிரலால் அழுத்துவார். ஓரங்களில் ஒரு சாண் இறங்கும். கேண்டீனுக்குப் போகிற குறுக்குத் தடத்தில் இரண்டு விரற்கடையிலேயே வளைந்து நிற்கும். வளைந்த இடத்தில் சுண்ணாம்பு வைத்துவிட்டு நகர்வார். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் பார்த்தால் தரை முழுக்க வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டுகள்தான் எங்களுக்கு வேலைத் திட்டம்.

பொட்டு வைத்த இடத்தில் மண்ணைத் தளர்த்தத் தோட்ட ஃபோர்க். "நேரா எறக்கு, கைப்பிடியக் கொஞ்சம் உன் பக்கம் சாய்ச்சு எடு, பொரட்டாத. பின்பக்கமாவே நடந்து போ. குத்துன எடத்துல கால் பட்டா அடி வாங்குவ." அடித்ததில்லை, அடிக்கிற குரல் இருந்தது. அரை அடிக்குக் கீழே கிராவலில் முட்டி ஃபோர்க் முள் வளையும். அங்கே கடப்பாரை. அதன் பிறகு மூன்று பங்கு மணலும் ஒரு பங்கு மக்கிய தொழுவுரமும் சலித்து, காய்ந்த நிலையில் கொட்டி, தென்னந்துடைப்பத்தின் முதுகால் துளைக்குள் தள்ளுவோம். ஆற்று மணல் கிடைத்த காலம் அது. இப்போது எம்-சாண்ட், அதிலுள்ள மாவை அலசாமல் போட்டால் துளையைச் சிமென்ட் மாதிரி அடைத்துவிடும். அலசுவதற்கு ஆள் கேட்டால் சிரிக்கிறார்கள்.

சொட்டைக்கு வெளிப்புல் எதற்கு? பெர்முடா புல் என்பது நம்ம அருகம்புல்தான். பக்கத்தில் ஓடுகிற கொடியை மூன்று கணு விட்டுக் கிள்ளி, நான்கு விரற்கடைக்கு ஒன்றாக ஊன்ற வேண்டும். அது வெயிலுக்குப் பயப்படாது, நிழலுக்குத்தான் பயப்படும். ஆனி, ஆடி மாலை மழையில் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி அடைமழைக்குள் வேர் கீழே போயிருக்கும். முதல் கட்டிங் எப்போது, யூரியா எவ்வளவு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஒருமுறை வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள், ஈரத் தரையில் ரோலர் ஓட்டிச் சமப்படுத்துங்கள் என்று மேலிடத்து உத்தரவு. மேஸ்திரி ரோலர் கைப்பிடியின் பின்னைக் கழற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, "ரிப்பேருங்க" என்று சொல்லிவிட்டார். விருந்தினர் வந்து போனார்கள். தரை மேடுபள்ளம் என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

தண்ணீர்ச் சங்கதி தனி. கழிவுநீரைச் சுத்திகரித்து வரும் எஸ்டிபி தண்ணீரைத் தோட்டத்துக்கு விடுவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் சோப்போடு வருகிற சோடியம் களியைக் குழைத்து மேல்மண்ணை மூடிவிடும். ஜிப்சம் தூவி, நல்ல தண்ணீரிலோ மழையிலோ அலச வேண்டும். வெயிலில் வெள்ளையாக உப்புப் பூத்ததைப் பூஞ்சை என்று சொல்லி மருந்தடித்தவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். படித்த பிள்ளைகள்தான்.

கேண்டீன் தடத்துக்கு வேலி போடச் சொன்னார்கள், போர்டு வைக்கச் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். கை கழுவ வரிசை, தட்டுக்கு வரிசை. சுற்றி வா என்றால் எவன் வருவான்? "நடக்குறவன் நடப்பான். அங்க புல்லு வெக்கிறவன்தான் முட்டாள்" என்று மேஸ்திரி அந்தத் தடத்தில் கடப்பைக்கல்லை இடைவெளி விட்டுப் பதித்தார். இடைவெளியில் அருகு தானாக வந்தது. இப்போது அந்தக் கல்லையும் பெயர்த்துவிட்டு, பார்வைக்கு ஒரே பச்சையாக இருக்கட்டும் என்று பாயை விரித்திருக்கிறார்கள்.

புது ஒப்பந்தத்தின் ரேட் பட்டியலைத் தம்பி வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். புல் பாய் சதுர அடிக்கு இவ்வளவு, ரோலர் வாடகை நாளுக்கு இவ்வளவு, மருந்தடிப்பு தனி. ஃபோர்க் போடுவதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை தேடினேன். இல்லை. "அத எந்த ஹெட்ல சார் பில் பண்றது?" என்று கேட்கிறார்.