கழற்று... மாட்டு... நண்பனுக்கும் கொடு!

ஜப்பான் போகிற யோகம் அடிச்சா, க்யோட்டோவில் கோயில்களைப் பார்த்த கையோடு கின்டெட்சு ரயிலைப் பிடிங்க. ஓகுரா ஸ்டேஷனில் இறங்கி ஐந்து நிமிஷம் நடந்தா... நின்டெண்டோ மியூசியம்! டிக்கெட்டை மட்டும் முன்னாடியே புக் பண்ணிடணும்.

ஊர் பேர் உஜி. தேயிலைக்குப் பேர் போன இடம். 1889-ல் சீட்டுக்கட்டு தயாரிக்க ஆரம்பிச்ச கம்பெனிதான் நின்டெண்டோ. 1969-ல் இங்கே கட்டின தொழிற்சாலையில் சீட்டுக்கட்டு தயாரிச்சாங்க, கேம் மெஷின்களை ரிப்பேரும் பார்த்தாங்க. 2024 அக்டோபரில் அதுவே மியூசியம் ஆயிடுச்சு.

கீழ்த்தளத்தில் ஒரு ராட்சத கன்ட்ரோலர் இருக்கு. ஒருத்தர் திசையைப் பார்த்துக்க, இன்னொருத்தர் பட்டனை அமுக்கணும். கூட்டணி சொதப்பினா மரியோ அவுட்! மாடியில் தலைமுறை தலைமுறையா மெஷின்கள். அங்கே இடது கட்டைவிரல் இடத்தை மட்டும் உத்துப் பாருங்க.

1982 'டாங்கி காங்' கேம் அண்ட் வாட்ச்சில் குன்பே யோகோய் வெச்ச சிலுவை வடிவ பட்டன், உலகத்துக்கே பழகிப்போச்சு. ஆனா 2017-ல் வந்த ஸ்விட்ச்சின் இடது ஜாய்-கானில் அது இல்லை. தனித்தனியா நாலு பட்டன்! ஏன்? அதைக் கழற்றிக் குறுக்கே பிடிச்சா, பக்கத்தில் இருக்கிற நண்பனுக்கு அது ஒரு முழு கன்ட்ரோலர். 2019-ல் வந்த ஸ்விட்ச் லைட்டில் கன்ட்ரோலரைக் கழற்ற முடியாது. உடனே சிலுவை திரும்பி வந்துடுச்சு பார்த்தீங்களா? 2025-ல் ஸ்விட்ச் 2 வந்தப்போ, தண்டவாளம் மாதிரி சறுக்கி மாட்டுறது போய் காந்தம் வந்தது.

அடுத்து என்ன? கொஞ்சம் கற்பனைக் குதிரையைத் தட்டுவோமே! ஸ்டிக், சிலுவை, பட்டன் எல்லாமே தனித்தனித் துண்டா இருந்தா? சண்டை கேமுக்கு சிலுவை, ரேஸுக்கு ஸ்டிக்னு நீங்களே மாத்திக்கலாம். ஸ்டிக் தேய்ஞ்சு தானா நகர ஆரம்பிச்சா, அதை மட்டும் வாங்கினா போதும். சோனியின் டூயல்சென்ஸ் எட்ஜில் 2023-லேயே ஸ்டிக்கைத் தனியா மாத்தலாம். ஒரு கை மட்டுமே பயன்படுத்த முடிகிற நண்பர், எல்லா பட்டனையும் ஒரே பக்கம் மாட்டிக்கிட்டு உங்களை ஜெயிக்கலாம்!

சிக்கலும் உண்டு. ஒவ்வொரு இணைப்புக்கும் மின் தொடர்பு வேணும், பூட்டு வேணும். தடிமன் கூடும், விலையும் ஏறும். ஆனா நாலு பேருக்கு ஒரு மெஷின்னு ஓடுற ஹாஸ்டல் ரூமில் கேட்டுப் பாருங்க... ரெண்டு மில்லிமீட்டர் தடிமனா பெருசு?