மூன்று வரி

என் தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வெள்ளைக்கார துரையைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. கிராணியைப் பற்றித்தான் பேசுவார். "செக்ரோல்ல அவன் என்ன எழுதினான்னு நமக்கு என்னம்மா தெரியும்? பேரு போட்டா கூலி, போடலைன்னா இல்ல" என்பார்.

2025ஆம் ஆண்டு பருவ விடுமுறையில் நானும் ஒரு கிராணியாகப் போனேன். கிள்ளான் வட்டாரத்தில் பழைய இரும்பையும் டின்களையும் வாங்கி, அழுத்திக் கட்டி விற்கும் இடம். எட்டு வாரத் தற்காலிக வேலை. லாரி எடையை எழுத வேண்டும், பில் போட வேண்டும். எனக்குக் குளிரூட்டிய அறை.

வெளியே வெயிலில் நின்றவர்களில் நான்கு பேர் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துத் தமிழர்கள். நான் தமிழில் பேசியதும் அவர்களுக்கு நான் 'தங்கச்சி' ஆகிவிட்டேன். அவர்களில் மூத்தவரை அண்ணன் என்றே இங்கே குறிப்பிடுகிறேன். ஊரில் இரண்டு பெண்பிள்ளைகள். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் இன்னும் தீரவில்லை.

மூன்றாவது வாரம், மதிய நேரம். டின்களை அழுத்தும் இயந்திரத்தில் அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அந்த இயந்திரத்தின் கதவைத் திறந்தால் அது தானாக நிற்க வேண்டும். அதற்கென்று ஒரு சுவிட்சு உண்டு. டின் சிக்கும்போதெல்லாம் நின்று நின்று வேலை தாமதமாகிறது என்று, அந்தச் சுவிட்சை யாரோ எப்போதோ அமுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மாலையில் மேற்பார்வையாளர் என்னை அழைத்தார். "நீ மலாய் நல்லா எழுதுவியே" என்றார். உண்மைதான். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, எஸ்.பி.எம்.மில் மலாய்மொழிக்கு 'ஏ' வாங்கியவள் நான். அவர் சொல்லச் சொல்ல மூன்று வரி எழுதினேன். கடைசி வரியில் 'கெச்சுவாயான் பெக்கெர்ஜா செண்டிரி', அதாவது தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு. சுவிட்சைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மறுநாள் மருத்துவமனைக்கு அந்தத் தாளைக் கொண்டு போனதும் நான்தான்.

"என்ன எழுதியிருக்கு தங்கச்சி?"

"நடந்ததுதான் எழுதியிருக்கு, அண்ணே."

இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து படித்தேன். முறையான பெர்மிட்டில் வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்களுக்கு 2019 ஜனவரி முதல் சொக்சோ பாதுகாப்பு உண்டு. விபத்து நடந்தால் முதலாளி 48 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும். மருத்துவ விடுப்பில் இருக்கும் நாள்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். தவறு யாருடையது என்று பார்த்து இழப்பீடு கொடுக்கும் திட்டமல்ல அது. அப்பாடா, அண்ணனுக்கு நான் பெரிய கெடுதல் செய்துவிடவில்லை என்று ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது.

ஒரு நிமிடம்தான். அப்படியென்றால் அந்த மூன்று வரி யாருக்காக? இயந்திரத்துக்காக. கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் சுவிட்சை யாரும் பார்க்கப் போவதில்லை. திங்கட்கிழமை அதே இடத்தில் இருபது வயது நேப்பாளிப் பையன் ஒருவன் நின்று டின்களைத் தள்ளிக்கொண்டிருந்தான். டேப் அப்படியே இருந்தது. மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "நீ படிக்கிற புள்ள, இன்னும் அஞ்சு வாரம்தானே" என்று சிரித்தார்.

அண்ணனிடம் போய் உண்மையைச் சொன்னேன். தாளின் நகலைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "இன்னொரு தடவை படி தங்கச்சி" என்றார். படித்தேன். புகார் செய்யலாம் என்றேன். 1994ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, பாதுகாப்பு பற்றிப் புகார் சொன்னதற்காக ஒருவரை வேலை நீக்கம் செய்வது குற்றம் என்றும் சொன்னேன். புத்தகத்தில் படித்ததை ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி எனக்கே பட்டது.

"சட்டம் சரிம்மா. பெர்மிட் இந்த முதலாளி பேர்லதானே இருக்கு? புதுப்பிக்கலைன்னா நான் எங்க போவேன்? இங்க வேற ஆளுகிட்ட போய் வேலை கேக்க முடியுமா?"

பதில் இல்லை. அதற்குள் வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. கைப்பேசியை இடது கையில் பிடித்து, கட்டுப்போட்ட கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு மகளிடம் பரீட்சை பற்றி விசாரித்தார்.

வேலையின் கடைசி நாள்வரை காத்திருந்தேன். அந்த ஐந்து வாரமும் அந்தப் பையன் அங்கேதான் நின்றான். அதை நான் மறைக்க விரும்பவில்லை. பிறகு ஜே.கே.கே.பி.க்கு என் பெயரில், முன்னாள் கிராணி என்று குறிப்பிட்டு, மலாயில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அண்ணன் பெயரை எழுதவில்லை. இயந்திரத்தை மட்டும் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து அண்ணனிடமிருந்து குரல் செய்தி வந்தது. அதிகாரிகள் வந்து போனார்களாம். டேப்பைப் பிய்த்துப் புதுச் சுவிட்சு போட்டிருக்கிறார்களாம். அந்த மூன்று வரித் தாள் மட்டும் கோப்பில் அப்படியே இருக்கிறது. 'தயாரித்தவர்' என்ற இடத்தில், அழகான கையெழுத்தில், என் பெயர்.