எந்த அணி கொடுத்தாலும் பேசினேன்

நான் ஒரு பட்டிமன்றப் பேச்சாளன். கல்லூரியில் பொருளியல் பாடம் நடத்தியது வயிற்றுக்கு. மேடை ஏறியது பெயருக்கு. கூட்டுக் குடும்பமா தனிக்குடித்தனமா, கணவனா மனைவியா என்று எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், எந்தப் பக்கம் ஆள் குறைகிறதோ அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிவிட்டு, பொன்னாடையும் கவரும் வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிப்பேன். அதில் பாவம் ஒன்றுமில்லை. நான் மாமியார் பக்கம் பேசியதால் எந்த மருமகளும் செத்துப்போகவில்லை.

நான் ஒப்புக்கொள்ள வந்தது வேறொரு தலைப்பைப் பற்றி. ‘உள்நாட்டுத் தீவிரவாதத்துக்குத் தீர்வு ஆயுதமா, பேச்சுவார்த்தையா?’ இதிலும் நான் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஜெயித்திருக்கிறேன். இரண்டு தடவையும் எனக்குத் தெரிந்த உண்மையில் பாதியைத் தெரிந்தே மறைத்தேன். அறியாமையால் பேசியவன் என்று யாராவது எனக்காக வாதாடினால், அந்தச் சலுகை எனக்கு வேண்டாம்.

முதலில் ஆயுத அணி. 2010 ஏப்ரல் 6ஆம் தேதி, சத்தீஸ்கரின் அன்றைய தண்டேவாடா மாவட்டத்தில், தாட்மேட்லா கிராமத்துக்கு அருகே மாவோயிஸ்டுகள் பதுங்கியிருந்து தாக்கியதில் 76 பேர் இறந்தார்கள். 75 பேர் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர், ஒருவர் மாநிலக் காவலர். நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பு ஆறுவதற்குள் ஒரு மாவட்டத் தலைநகரில் இந்தத் தலைப்பை வைத்தார்கள். கூட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மேடை ஏறும் முன்பே தெரியும்.

நான் எடுத்துக்கொண்டது ஆந்திரப் பேச்சுவார்த்தையை. 2004 அக்டோபரில் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி அரசு நக்சலைட் அமைப்பான மக்கள் யுத்தக் குழுவை ஹைதராபாத்துக்கு அழைத்துப் பேசியது. நல்லமலைக் காட்டிலிருந்து ராமகிருஷ்ணா தலைமையில் வந்தவர்களை அரசு விருந்தினராக வைத்துப் பேசினார்கள். பேச்சு தொடங்குவதற்கு முந்தின நாள்தான், மக்கள் யுத்தமும் மாவோயிஸ்ட் கம்யூனிஸ்ட் மையமும் (எம்.சி.சி.) இணைந்து இந்திய கம்யூனிஸ்ட் கட்சி (மாவோயிஸ்ட்) உருவாகிவிட்டது என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு சுதந்திர தினத்தன்று மக்தல் சட்டமன்ற உறுப்பினர் நர்சி ரெட்டியைச் சுட்டுக் கொன்றார்கள். “பேசினோம், தலையைக் கொடுத்தோம், நடுவர் அவர்களே!” என்றேன். அடுத்து, “விமானப்படை எதற்கு இருக்கிறது? குடியரசு தினத்தில் வேடிக்கை காட்டவா?” என்றும் கேட்டேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

சொன்ன தகவல்களில் பொய் இல்லை. குற்றம் சொல்லாமல் விட்டவற்றில் இருக்கிறது. பேச்சுவார்த்தையில் முதன்மையாக வந்த விஷயங்களில் ஒன்று நிலப் பகிர்வு. அதை நான் சொல்லவில்லை. 2005 ஜனவரியில் மறுபடியும் என்கவுன்டர்கள் நடந்தன; அதைக் காரணம் காட்டித்தான் அவர்கள் பேச்சிலிருந்து விலகினார்கள்; அதையும் சொல்லவில்லை. அந்தப் பேச்சுக்குப் பல ஆண்டுகள் பாடுபட்டு வழி அமைத்தவர் தமிழ்நாட்டில் பிறந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி எஸ்.ஆர். சங்கரன். கொத்தடிமை முறையை ஒழிக்க உழைத்தவர். 1987இல் கிழக்கு கோதாவரி மலைப்பகுதியில் நக்சலைட்டுகள் கடத்திச் சென்ற அதிகாரிகளில் அவரும் ஒருவர். தன்னைக் கடத்தியவர்களோடு அரசு பேச வேண்டும் என்று அவரே பின்னாளில் நடையாய் நடந்தார். நக்சலைட்டுகளின் கொலைகளையும் காவல் துறையின் என்கவுன்டர்களையும் சேர்த்தே கண்டித்தார். அவர் பெயரைச் சொன்னால் என் வாதம் ஆட்டம் கண்டுவிடும். அதனால் சொல்லவில்லை.

தாட்மேட்லா இருக்கும் பஸ்தர் பகுதியில் 2005 முதல் என்ன நடந்தது என்பதையும் படித்திருந்தேன். சல்வா ஜுடும் என்ற பெயரில் ஆதிவாசிகளுக்கு எதிராக ஆதிவாசிகளையே கிளப்பிவிட்டார்கள். கிராமங்களைக் காலி செய்து மக்களை முகாம்களில் அடைத்தார்கள். படிப்பறிவு குறைந்த பழங்குடி இளைஞர்களுக்குச் சிறப்புக் காவல் அலுவலர் என்று பெயர் வைத்துத் துப்பாக்கி கொடுத்தார்கள். அந்த ஏற்பாடு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2011 ஜூலை 5இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் பேசிய அன்று வழக்கு நிலுவையில் இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

இதையெல்லாம்விட வெட்கமானது ஒன்று உண்டு. அந்தப் பேச்சுக்கு முந்தைய ஆண்டு, 2009இல், இலங்கையின் வன்னியில் போர் நடந்தபோது நானும் தெருவில் நின்றவன். போரை நிறுத்து, பேச்சு நடத்து என்று தொண்டை கட்டக் கத்தியவன். அரசு பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலேயே குண்டு விழுகிறது என்ற செய்தி வந்தபோது சாப்பாடு இறங்கவில்லை. நடிப்பில்லை, உண்மையாகவே இறங்கவில்லை. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்து வைத்திருந்தார்கள் என்ற செய்தியும் வந்தது. அதை நான் வாயால் சொன்னதில்லை. ஐ.நா. நிபுணர் குழு 2011இல் இரண்டையுமே பதிவு செய்தது. வன்னியில் பிள்ளைகள் மேல் விழுந்த குண்டுக்கு அழுதவன்தான் ஓர் ஆண்டு கழித்து பஸ்தர் காட்டுக்கு விமானப்படை கேட்டான். பஸ்தரிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? கோண்டி பேசும் பிள்ளைகள். என் மொழி பேசாத பிள்ளைகள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இது தற்செயல் அல்ல என்பதற்கு 2012 சாட்சி. அந்த ஏப்ரலில் சுக்மா மாவட்ட ஆட்சியர் அலெக்ஸ் பால் மேனனை மாவோயிஸ்டுகள் கடத்தினார்கள். நம் திருநெல்வேலிக்காரர். ஆஸ்துமா உள்ளவர், காட்டுக்குள் மருந்து அனுப்ப வேண்டியிருந்தது. அரசு உடனே பேச வேண்டும் என்று தமிழ்நாட்டில் எல்லோரும் கேட்டோம். நானும் கேட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேச்சே கோழைத்தனம் என்று முழங்கியவன், கொஞ்சமும் கூச்சமில்லாமல் கேட்டேன். பேச்சு நடந்தது, இரு தரப்புக்கும் நடுவர்கள் உட்கார்ந்தார்கள், மே 3ஆம் தேதி அவர் விடுதலையானார். சந்தோஷம். ஆனால் அவரைக் கடத்திய அன்று அவருடைய மெய்க்காவலர்கள் இருவரைக் கொன்றுவிட்டுத்தான் கொண்டுபோனார்கள். அவர்கள் எந்த ஊர்க்காரர்கள், யார் பெற்ற பிள்ளைகள் என்று நான் விசாரித்ததில்லை. அவர் விடுதலையான அடுத்த மாதமே, ஜூன் 28 இரவு, பிஜாப்பூர் மாவட்டத்தின் சார்கேகுடாவில் பாதுகாப்புப் படையினர் சுட்டு 17 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் மாவோயிஸ்டுகள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று நீதி விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2019இல் வெளிவந்து சொன்னது. அவர்களுக்காகவும் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. நம்ம ஆள் என்றால் பேச்சு, அடுத்தவன் என்றால் தோட்டா. இதுதான் என் கொள்கை. இதற்கு நான் வைத்திருந்த பெயர் மனிதாபிமானம்.

அதன் பிறகு இன்னொரு மேடையில் பேச்சுவார்த்தை அணி கிடைத்தது. அங்கே மிசோரம் எனக்குக் கைகொடுத்தது. 1986 ஜூன் 30இல் கிளர்ச்சித் தலைவர் லால்டெங்காவும் இந்திய அரசும் ஒப்பந்தம் போட்டார்கள். அவருடைய மிசோ தேசிய முன்னணி ஆயுதத்தைக் கீழே வைத்தது. முதலமைச்சராக இருந்த காங்கிரஸ்காரர் லால் தன்ஹாவ்லா நாற்காலியை விட்டு இறங்கி லால்டெங்காவுக்குக் கொடுத்தார். 1987 பிப்ரவரி 20இல் மிசோரம் தனி மாநிலமாயிற்று. நேற்றுவரை தேடப்பட்டவர் முதலமைச்சர்! கேட்பவர்களுக்குப் புல்லரித்தது. சொன்ன எனக்கும்தான்.

அங்கே நான் புதைத்தது இருபது ஆண்டுகளை. 1959இல் மூங்கில் பூத்து, எலி பெருகி, விளைச்சலைத் தின்று பஞ்சம் வந்தது. பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்புதான் அரசின் அலட்சியத்தைப் பார்த்து விடுதலை இயக்கமானது. 1966 மார்ச் 1இல் சுதந்திரம் அறிவித்தார்கள். 5ஆம் தேதி இந்திய விமானப்படை அய்சால் நகரத்தின் மேல் குண்டு போட்டது. 1967 முதல் ராணுவம் கிராமம் கிராமமாக மக்களைப் பெயர்த்து, சாலையோரக் குடியிருப்புகளில் காவலுக்குள் வைத்தது. 1971இல் வங்கதேசம் பிறந்தபோது கிளர்ச்சியாளர்களுக்குக் கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த தளம் போயிற்று. இடையில் பேச்சுகள் தொடங்கி முறிந்து மறுபடி தொடங்கின. ராணுவ அழுத்தம் இல்லாமல் லால்டெங்கா பேச வந்திருப்பாரா என்று எதிரணி கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. நல்லவேளையாக எதிரணிக்காரர் என் அளவுக்குப் படிக்கவில்லை. அவருடைய அறியாமையைத் தின்று நான் ஜெயித்தேன்.

ஆயுத அணியில் இருந்திருந்தால் இதே மிசோரத்தைத் திருப்பிப் போட்டிருப்பேன். அடித்தோம், பணிந்தார்கள் என்று. அப்போது மாநில அந்தஸ்தை மறைத்திருப்பேன். முதலமைச்சர் நாற்காலியை மறைத்திருப்பேன். அய்சால் மேல் விழுந்த குண்டின் கசப்பு அங்கே இன்றும் தீரவில்லை என்பதையும் மறைத்திருப்பேன்.

இந்த வித்தையை நான் மட்டும் வைத்துக்கொண்டிருந்தால்கூட என்னோடு போயிருக்கும். பேச்சுப் போட்டிக்கு நான் தயார் செய்த மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவர்களில் ஒருவன் இன்று தொலைக்காட்சி விவாதங்களில் வருகிறான். 2025 மே 21இல் அபுஜ்மாட் காட்டில் மாவோயிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பசவராஜு கொல்லப்பட்ட செய்தி வந்த சமயம், திரையில் அவன் ஆந்திரப் பேச்சுவார்த்தையை எடுத்தான். நர்சி ரெட்டியில் முடித்தான். என் பேச்சு, என் ஏற்ற இறக்கம், விமானப்படை மட்டும்தான் இல்லை. போன் போட்டேன்.

“தம்பி, அந்தப் பேச்சு முறிஞ்சதுல என்கவுன்டருக்கும் பங்கு இருக்கே. அதை ஏன் விட்டே?”

“அது எதிர்ல உட்கார்ந்திருக்கறவர் வேலை சார். நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?”

போனை வைத்துவிட்டேன். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

சரி, இப்போது உன் அணி எது என்று கேட்பீர்கள். நழுவ மாட்டேன். காவலரைக் கொல்பவனையும் ஊர்க்காரரை உளவாளி என்று சொல்லித் தூக்கிலிடுபவனையும் அரசு தடுத்தே ஆக வேண்டும். அதற்குப் படை வேண்டும். அந்தப் படை சட்டத்துக்குள் நிற்க வேண்டும். அது மீறும்போது நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். பேச வருகிறேன் என்பவனுக்குக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். ஆயுதமா பேச்சா என்று எந்த அரசும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்ததில்லை. மிசோரத்திலும் இல்லை, ஆந்திராவிலும் இல்லை. வித்தியாசம் எங்கே வந்தது என்றால், மிசோரத்தில் இரு தரப்பும் கையில் இருந்ததை விட்டுக் கொடுத்தார்கள். ஆந்திராவில் இரு தரப்பும் அடுத்த சண்டைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆயுத அணி ஜெயித்துவிட்டது என்று இப்போது சொல்கிறார்கள். பசவராஜுவுக்குப் பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் மூத்த தலைவர் மல்லோஜுலா வேணுகோபால் ராவ் தன் ஆட்களோடு கட்சிரோலியில் சரணடைந்தார். இயக்கம் உடைந்துகொண்டிருப்பது உண்மை. என் பழைய வழக்கப்படி அதை மறைக்கப் போவதில்லை. இன்னொரு உண்மையையும் மறைக்கப் போவதில்லை. பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் பெசா சட்டத்தை நாடாளுமன்றம் 1996இல் நிறைவேற்றியது. அதற்கான விதிகளை சத்தீஸ்கர் அரசு அறிவித்தது 2022இல். 2006இல் வந்தது வன உரிமைச் சட்டம். இவற்றை நிறைவேற்ற எந்த மாவோயிஸ்டோடும் பேச வேண்டியதில்லை. எந்த மாவோயிஸ்டையும் சுட வேண்டியதில்லை. பேச ஆளே இல்லாமல் போனாலும் அந்தக் கடன் அப்படியே நிற்கிறது. நான் இரண்டு அணியிலும் பேசினேன். இந்தச் சட்டங்களை எந்த அணியிலும் சொல்லவில்லை. கைதட்டல் வராது என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தலைப்பில் இனி நான் மேடை ஏற மாட்டேன். ஆனால் பேச ஆள் கிடைக்காமல் போகாது. என் மாணவர்களே போதும். ஆகவே கேட்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆயுதம்தான் என்றோ பேச்சுதான் என்றோ ஒருவர் அடித்துப் பேசும்போது, கைதட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். அங்கே சாகிறவர்கள் உங்கள் ஊர்க்காரர்களாக இருந்தாலும் இதையேதான் பேசுவீர்களா? உங்கள் கட்சிக்கு ஆகாத எந்த உண்மையை வீட்டில் வைத்துவிட்டு வந்தீர்கள்? என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே மாட்டியிருப்பேன்.