பூக்கெட்டில் மீன்படகு தேடிய கதை

ஹாட்யாய்க்குப் போய்வராத தோட்டக் குடும்பம் வட மாநிலங்களில் அரிது. நாலு வீட்டார் சேர்ந்து ஒரு வேன் பிடித்து, புக்கிட் காயு ஹீத்தாமில் கடப்பிதழில் முத்திரை குத்திக்கொண்டு, இரண்டு நாள் சுற்றிவிட்டு, முந்திரிப் பருப்பும் துணிமணியும் வாங்கி வருவது நமக்குப் பழகிப்போன சுற்றுலா. அங்கிருந்து இன்னும் ஒரு பகல் பயணம் செய்தால் பூக்கெட் தீவு. அந்தத் தீவிலிருந்து ஆழ்கடலுக்குப் படகில் போய்த் தூண்டில் போடலாம் என்பதும் பலருக்குத் தெரியும். எந்தப் படகை நம்பி ஏறுவது என்பதுதான் தெரியாது. சென்ற டிசம்பர் விடுமுறையில் நாங்கள் போனபோது, மீன் பிடித்தது ஒரு நாள். படகு தேடியது ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

ஆசை என் மாமனாருடையது. 41 ஆண்டுகள் பால் வெட்டியவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆற்றோரம் மண்புழு டப்பாவோடு உட்கார்ந்துவிடுவார். கெளுத்தியும் விராலும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. "கண்ணு நல்லா இருக்கும்போதே ஒரு தடவை கடல்ல தூண்டில் போட்டுப் பாக்கணும் மாப்பிள்ள" என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊழியர் சேமநிதிப் பணத்தில் இதற்கென்று கொஞ்சம் ஒதுக்கியும் வைத்திருந்தார். ஆகவே மாமா, நான், என் மனைவி, 13 வயது மகன், 9 வயது மகள் என ஐவராகப் புறப்பட்டோம். எங்கள் ஐவரில் நீந்தத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். அதுவும் ஆற்று நீச்சல். தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று ஆசிரியராகிய எனக்கு நன்றாகவே தெரியும். ஆகையால் படகு விஷயத்தில் பத்துக் கேள்வி அதிகம் கேட்டாலும் பாதகமில்லை என்று முடிவு செய்துகொண்டே போனேன்.

ஹாட்யாயில் ஓர் இரவு தங்கி, காலையில் பூக்கெட்டுக்கு வேன் ஏறினோம். ஆறேழு மணி நேரப் பயணம். திராங் மாநிலம் வந்ததும் சாலையின் இருமருங்கும் பால்மரம். தாய்லாந்தில் முதன்முதலாக ரப்பர் ஊன்றப்பட்டது இந்தத் திராங்கில்தான். 1900ஆம் ஆண்டை ஒட்டி, அப்போது இங்கே ஆளுநராக இருந்த கோ சிம் பீ என்பவர் மலாயாவிலிருந்து கொண்டுவந்து ஊன்றினாராம். மாமா வேன் கண்ணாடியோடு முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு, பட்டை வெட்டியிருக்கும் அழகைப் பார்த்துக்கொண்டே வந்தார். "சின்னச் சின்னத் தோட்டமா இருக்கு. வீட்டுக்காரனே வெட்டுறான் போல" என்றார்.

வாசகர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது பருவக்காற்று. டிசம்பர் என்றாலே கடல் ஆகாது என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். அது திரெங்கானு, கிளந்தான் பக்கத்துக் கணக்கு. அங்கே வடகிழக்குப் பருவக்காற்று அடித்துத் தீவுகளையே மூடிவிடுவார்கள். பூக்கெட் இருப்பதோ மறுபக்கம், அந்தமான் கடலில். அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை பெரும்பாலும் அமைதி. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அலை ஆள் உயரத்துக்கு எழும். ஆக, மே கடைசியில் வரும் பள்ளி விடுமுறைக்கு மலிவாக அறை கிடைக்கிறதே என்று மீன்பிடிக்கக் கிளம்புகிறவர்கள் இருமுறை யோசிக்க வேண்டும். அறை மலிவாக இருப்பதே அந்தக் காற்றினால்தான்.

காற்றை மதிக்காததால் என்ன ஆகும் என்பதற்குப் பூக்கெட்டிலேயே உதாரணம் உண்டு. 2018ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு ராச்சா தீவிலிருந்து திரும்பும் வழியில் கவிழ்ந்து மூழ்கியது. சீன நாட்டுப் பயணிகள் 47 பேர் மாண்டார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அது மீன்பிடிப் படகு அல்ல. தீவு சுற்றிக் காட்டும் படகு. பார்வைக்குப் பெரிய படகு, புதிய படகு. கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்று வானிலைத் துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. பிறகு படகைக் கடலடியிலிருந்து தூக்கிச் சோதித்தபோது, கட்டப்பட்ட விதத்திலேயே குறைகள் இருந்தன என்று விசாரணை செய்தவர்கள் கூறினார்கள். பளபளப்பான படகு நல்ல படகு என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பாத்தோங் கடற்கரைச் சாலையில் நாலு கடைக்கு ஒரு கடை பயணச்சீட்டு விற்கிறது. முதல் மாலை அங்கேதான் போனோம். ஒரு மேசை, ஒரு குடை, மேசைமேல் தடித்த படத்தொகுப்பு. படத்தில் எல்லாரும் ஆள் நீளத்துக்கு மீனைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். என் மகன் வாயைப் பிளந்து பார்த்தான். ஒருவருக்கு 1,500 பாட் என்றார் அங்கிருந்த இளைஞர். நம் பணத்துக்கு ஏறத்தாழ 200 வெள்ளி. படகின் பெயர் என்ன, எத்தனை பேர் ஏறுவார்கள், எத்தனை தூண்டில் கோல், பிடித்த மீன் யாருக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான் வந்தது: "நோ புரோப்ளம்." எதிலுமே பிரச்சினை இல்லாத படகை நான் நம்புவதில்லை. வணக்கம் சொல்லி எழுந்தோம்.

தங்கும் விடுதிக்காரரும் ஒரு படகு சொன்னார். விலை அதிகம். அவருக்குத் தரகு உண்டு என்பதில் தவறில்லை; ஆனால் அவர் அந்தப் படகைக் கண்ணால் பார்த்ததில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

மறுநாள் பிற்பகல் சாலோங் படகுத்துறைக்கே நேரில் போய்விட்டோம். தீவின் தென்கிழக்கில், குன்றின்மேல் 45 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் புத்தர் சிலை பார்த்திருக்க, விரிந்து கிடக்கிறது சாலோங் விரிகுடா. கடலுக்குள் நீளமாக ஓடும் பாலம் போன்ற துறை. ஆழ்கடல் மீன்பிடிப் படகுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. காலையில் போனால் அவசரத்தில் யாரும் பேசமாட்டார்கள். நாலு மணிக்கு மேல், படகுகள் திரும்பும் நேரத்தில் போக வேண்டும். அப்போது எந்த விளம்பரமும் சொல்லாத செய்தியெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இறங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணலாம். ஐஸ் பெட்டியில் மீன் இருக்கிறதா, பீர் டின் இருக்கிறதா என்று பார்க்கலாம். இறங்கியவரிடமே எப்படி இருந்தது என்று கேட்கலாம். ஒரு படகிலிருந்து இறங்கிய பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் முகம் சுண்டியிருந்தது. "நாலு கோல்தான் இருந்தது. முறை வருவதற்குள் மாலை ஆகிவிட்டது" என்றார் அவர்களில் ஒருவர்.

மாமாவோ மீனைப் பார்க்கவில்லை. படகு ஆட்களின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவதாக வந்து நின்ற ஒரு பழைய மரப்படகைக் காட்டினார். பயணிகள் இறங்கியதும் இரண்டு பையன்கள் யாரும் சொல்லாமலே கோல்களை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, வரிசையாகச் செருகினார்கள். "இத பாக்கலாம் மாப்பிள்ள. வேலை முடிஞ்சதும் கத்தியத் தொடச்சு வைக்கிறவன் மரத்தையும் பழுதா வெட்டமாட்டான்" என்றார்.

அந்தப் படகின் தலைவர் ஐம்பது வயதுக்காரர். சாத்தூன் மாநிலத்தவர் என்பதால் மலாய் பேசினார். எங்களுக்கு அது பெரிய வசதி. என் கேள்விகளை மறுபடி அவிழ்த்தேன். எட்டுப் பேருக்கு மேல் ஏற்றமாட்டாராம். உரிமத்தில் எத்தனை பேர் என்று எழுதியிருப்பதையும் காட்டினார். உயிர்காப்பு மேலங்கிகள் எங்கே என்றதும் பெட்டியைத் திறந்தார். எண்ணிக்கை கேட்பது மட்டும் போதாது. பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் அங்கி பிள்ளைக்குத் தோளோடு கழன்றுவிடும். மகனுக்குச் சரியாக இருந்தது. வானொலிக் கருவி வேலை செய்கிறதா என்று கேட்டேன், போட்டுக் காட்டினார். கழிப்பறை உண்டா என்பது கேட்கக் கூச்சமான கேள்விதான். ஆனால் எட்டு மணி நேரம் கடலில் இருக்கும் வயதானவருக்கும் பெண்களுக்கும் அதுதான் முதல் கேள்வி. மதியச் சாப்பாட்டில் மாட்டிறைச்சி வேண்டாம் என்பதையும் முன்பே சொல்லி வைத்தோம். பிடித்த மீன் யாருக்கு? சில படகுகளில் மீன் படகுக்காரருக்கே என்பது வழக்கம். இதைக் கரையிலேயே பேசாவிட்டால் கடலில் மனத்தாங்கல்தான் மிஞ்சும். இவர், "சாப்பிடும் அளவு நீங்கள் எடுங்கள், மிச்சம் பையன்களுக்கு" என்றார். நியாயமாகப் பட்டது.

தலைக்கு 1,800 பாட். சரி, நாளைக்கே போகலாம் என்று முன்பணத்தை எடுத்தேன். அவர் கையை நீட்டவில்லை. "பெசோக் தாக் போலே. ஆங்கின் குவாட்" என்றார். நாளைக்குக் காற்று பலமாம். நாளை மறுநாள்தான் போவாராம். நல்ல பருவத்திலும் இப்படி இரண்டொரு நாள் வருமாம். எங்களுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. நாளை மறுநாள் காலை நாங்கள் ஊர் திரும்ப வேண்டியவர்கள். இன்னும் ஓர் இரவு தங்கினால் அறைக்கு 1,100 பாட். திரும்பும் வேன் சீட்டையும் மாற்ற வேண்டும். பாத்தோங் இளைஞரிடம் போனால் நாளைக்கே கிளம்பலாம், அதுவும் மலிவாக. என் மகன் என் முகத்தையே பார்த்தான். மாமாதான் முடித்து வைத்தார். "மழ இருட்டிக்கிட்டு வரும்போது கோடு போடச் சொல்ற கங்காணிய நான் நம்புனதே இல்ல. இந்த ஆள் காசு வேணாங்கறான் பாரு. இவனோடதான் போறோம். ரூம் காசு என் பணம்."

முன்பணம் 1,500 பாட் கொடுத்து, படகின் பெயரும் பதிவெண்ணும் எழுதிய ரசீது வாங்கிக்கொண்டோம். மீதி படகில் ஏறும்போது.

காற்றடித்த நாளில் ராவாய் பக்கம் போனோம். சாலோங்குக்குச் சற்றுத் தெற்கே உள்ள கடற்கரை. அங்கே உராக் லாவோய் என்ற கடல் மக்கள் வாழ்கிறார்கள். பெயரைக் கேட்டதும் மகள், "ஓராங் லாவுட் மாதிரி இருக்கே அப்பா" என்றாள். உண்மையும் அதுதான். அவர்கள் மொழி மலாய் மொழிக்கு உறவு. குடியிருப்பை ஒட்டி மீன் சந்தை. மீன் வாங்கி எதிர்க்கடையில் கொடுத்தால் சமைத்துத் தருகிறார்கள். அங்கே நிற்கும் நீளவால் படகுகளையும் மீன்பிடிக்க வாடகைக்கு எடுக்கலாம். கரையோரத்துக்கு அவை போதும், ஆழ்கடலுக்கு அல்ல. அன்று கடல் முழுக்க வெள்ளை நுரை. மாமா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

கடலுக்குப் போனது மூவர்தான். மகளை ஒரு பகல் முழுவதும் படகில் வைத்திருப்பது முறையல்ல என்று மனைவி அவளோடு ராவாயில் தங்கிவிட்டாள். எனக்கும் அதுவே சரியெனப் பட்டது. தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்னே என்பதை மறக்காமல் கடிகாரத்தைத் திருத்தி, ஏழு மணிக்குப் படகேறினோம். எங்களோடு ஈப்போவிலிருந்து வந்த சீன நண்பர்கள் நால்வர். அரை மணிக்கு முன்பே தலைசுற்றல் மாத்திரை, இரண்டு துண்டு ரொட்டி. வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. அப்படியிருந்தும் மகன் ஒருமுறை வாந்தி எடுத்தான். டீசல் புகை படாத இடத்தில் உட்கார்ந்து தூரத்துக் கரையையே பார்க்கச் சொன்னார்கள். சற்று நேரத்தில் தெளிந்தான்.

ராச்சா நோய் தீவு வரை இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம். போகும்போதே படகின் பின்னால் ரப்பர் கணவாய் மாட்டிய தூண்டில்களை இழுத்துக்கொண்டு போகிறார்கள். யார் கோல் வளைகிறதோ என்பதல்ல, யார் முறையோ அவர்தான் சுற்ற வேண்டும். முதலில் இரண்டு சூரை, பிறகு ஒரு சீலா. ஈப்போ நண்பர் ஒருவர் முறையில் பாய்மீன் சிக்கியது. மலாய்க்காரர்கள் லாயாரான் என்பார்களே, அதுதான். முதுகுத் துடுப்பைப் பாய்போல் விரித்து, தண்ணீருக்கு மேலே முழு உடம்பும் தெரிய அது துள்ளியது கண்கொள்ளாக் காட்சி. இருபது நிமிடம் போராடிப் பக்கத்தில் இழுத்து, ஒரு படம் எடுத்துவிட்டு, தூண்டில் முள்ளைக் கழற்றி விட்டுவிட்டார்கள். பல படகுகளில் பாய்மீனை இப்படி உயிரோடு விடுவதே வழக்கம். மாமாவுக்கு மட்டும் அது ஆறவேயில்லை. "இருவது கிலோ இருக்கும். விட்டுட்டானே!"

அவருடைய நேரம் நங்கூரம் போட்ட பிறகு வந்தது. கணவாய்த் துண்டை முள்ளில் குத்தி, ஈயக்குண்டு கட்டி ஆழத்தில் இறக்க வேண்டும். கோலும் சக்கரமும் தமக்கு வேண்டாம் என்று கைநரம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். படகுத் தலைவர் அவர் விரல்களைப் பார்த்துவிட்டு, "பாக்சிக், மீனவரா?" என்று மலாயில் கேட்டார். "இல்ல, கெத்தா" என்றார் மாமா. இருவரும் சிரித்துக்கொண்டார்கள். சாத்தூனிலும் பால் வெட்டு உண்டாம். அதன்பின் அவர்கள் பேச்சு மீனை விட்டுப் பால் விலைக்குப் போய்விட்டது. பேச்சுக்கு நடுவே நரம்பு வெடுக்கென்று இழுத்தது. மாமா அவசரப்படாமல், விட்டுப் பிடித்து, பிடித்து விட்டு மேலே கொண்டுவந்தார். செந்நிறக் கெராப்பு, மூன்று கிலோ இருக்கும். யார் கையிலும் கொடுக்காமல் தாமே முள்ளைக் கழற்றினார்.

மாலையில் ராவாய் எதிர்க்கடையில் பாதியை ஆவியில் அவித்தும் பாதியைப் புளிப்புக் குழம்பாகவும் வைத்துக் கொடுத்தார்கள். குழம்பில் மிளகாய்த்தூள் போதாது என்று மனைவி சொன்னாள். மாமா தலைப் பகுதியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். இறங்கும்போது படகுப் பையன்களுக்குத் தலா 200 பாட் அன்பளிப்புக் கொடுத்ததும் அவர்தான். படகுத் தலைவரின் தொலைபேசி எண்ணைத் தம் இரத்த அழுத்த மாத்திரை அட்டையின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறார். மாத்திரை தீர்ந்த பின்பும் அந்த அட்டையை யாரும் தொடக்கூடாதாம்.