கடலின் நிறம்

அலிகியேரோ போய்ட்டி என்ற இத்தாலியக் கலைஞனின் உலகப் படங்களைப் பற்றி எழுத வேண்டுமென்று சில மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்தபோது அம்மா குறுக்கிட்டுவிட்டாள்.

படங்கள் என்பதே சரியில்லை. 1971ல் முதல் தடவையாகக் காபூல் போன போய்ட்டி, உலக வரைபடத்தைத் துணியில் வரையவைத்து, ஒவ்வொரு நாட்டின் எல்லைக்குள்ளும் அந்த நாட்டுக் கொடியை இட்டு, ஆப்கன் பெண்களிடம் எம்பிராய்டரிக்குக் கொடுத்தான். 1994ல் அவன் சாகும்வரை இந்த வரிசை தொடர்ந்தது. 1979ல் சோவியத் படைகள் நுழைந்தபின் வேலை பெஷாவரில் அகதிப் பெண்களின் கைக்கு மாறிற்று. 1991க்குப் பிந்திய படங்களில் அந்தப் பெரிய சிவப்புப் பரப்பு கிடையாது. உலகம் இருக்கிறபடி இருக்கிறது, கொடிகளும் அப்படியே, தான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்பது அவன் வாதம். கருத்து கலைஞனுடையது, கை யாருடையதாகவும் இருக்கலாம் என்கிற கான்செப்சுவல் ஆர்ட்டின் பால பாடம்தான்.

புத்தகத்தில் ஒரு படத்தில் கடல் ரோஜா நிறம். நீலம் என்கிற மரபு உடைவது, பூகோளமே ஒரு கற்பிதமாகிவிடுவது என்றெல்லாம் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். காபி கொண்டுவந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "நீல நூல் தீந்து போயிருக்கும்" என்றாள்.

க்ளூனி சகோதரிகளின் கூடத்தால் எம்பிராய்டரிக்கு இந்த ஊரில் ஒரு மரியாதை உண்டு. அம்மா அங்கே போனவள் அல்ல. ஒரு வியாபாரியிடம் துணி வாங்கி, வீட்டிலேயே இருபது வருஷம் மேஜைவிரிப்புகள் தைத்தவள். உண்மையும் ஏறக்குறைய அவள் சொன்னதுதான். கடல் நீலமாக இருக்க வேண்டுமென்ற வரைபட வழக்கம் அந்தப் பெண்களுக்குத் தெரியாது, கைவசம் ரோஜா நூல் நிறைய இருந்தது என்று சொல்கிறார்கள். போய்ட்டி மகிழ்ந்துபோய், அதன்பின் கடலின் நிறத்தை அவர்களிடமே விட்டுவிட்டான். எனக்கு இது முன்பே தெரியும். அடிக்குறிப்பாகப் போதும் என்று நினைத்திருந்தேன். அரைப் பக்கத்தைக் கிழித்துப்போட்டேன்.

விட்டுக்கொடுத்ததும் ஒரு கலைஞனின் தீர்மானம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மனிதன் எழுபதுகளில் தன் பெயரை இரண்டாக உடைத்து, நடுவே ஒரு 'உம்' போட்டு, 'அலிகியேரோவும் போய்ட்டியும்' என்று கையெழுத்திட ஆரம்பித்தான். அந்த 'உம்'மின் இரு பக்கமும் அவனே நிற்கிறான். தைத்தவர்களில் பெரும்பாலோரை அவன் பார்த்ததுகூட இல்லை. போன நூற்றாண்டுக்கும் முந்தியது, ஜீலம் நதியும் ஸ்ரீநகர்த் தெருக்களுமாகத் தைத்த காஷ்மீர் வரைபடச் சால்வை; லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் ஒன்று இருக்கிறது. அதில் கருத்து யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. தைத்தவன் யாரென்றும் கேட்பதில்லை. எங்கள் பாங்கில் ஐம்பது ரூபாய் வவுச்சருக்குக்கூட எழுதியவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர். கம்ப்யூட்டர் வந்த பிறகும் இருவருடைய எண்ணும் பதிவில் நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் யூனியன் பிரதேசத்தைக் காடாத் துணியில் வரைந்து அம்மாவிடம் கொடுத்தேன். அரசாங்கப் படங்களில் போடுகிற மாதிரி புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் நான்கு கட்டங்களில்.

"இதென்னடா, சிந்தின மாதிரி இருக்கு?"

புதுச்சேரிக் கட்டத்தைத்தான் சொன்னாள். வில்லியனூர் நம்முடையது; விழுப்புரம் ரோட்டில் மேலே போனால் கண்டமங்கலம் தமிழ்நாடு; அதையும் தாண்டினால் திருபுவனை, மதகடிப்பட்டு மறுபடி நம்முடையவை. 1954 நவம்பர் 1ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியபோது துண்டுகள் துண்டுகளாகவே வந்து சேர்ந்தன. நான் சொன்னதை அவள் முழுதாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் நூலை அறுத்து முடிச்சிட வேண்டுமே என்பது அவள் கவலை. பின்பக்கமும் முன்பக்கம் மாதிரி சுத்தமாக இருந்தால்தான் வேலை என்று கற்றவள். ஆனாலும் கிட்டத்திலிருக்கும் துண்டுகளுக்கு அறுக்காமலே பின்னால் நூலை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். திருப்பிப் பார்த்தால் கண்டமங்கலத்தின் மேல் நாலைந்து மஞ்சள் இழைகள் ஓடுகின்றன. எனக்கு இது தோன்றியிருக்காது.

மூலையில் அவள் பெயரைப் போடச் சொன்னேன்.

"துணி நீ வாங்கினது, படம் நீ போட்டது. எம் பேர் எதுக்குடா?"

மாஹேக்குப் பச்சை நூல் போதாதாம்.