ரசீதும் பேரேடும்

ஆவணத் தரவுத்தளத்தைக் கற்கத் தொடங்குபவருக்கு முதல் ஒரு மணி நேரம் இனிமையாகவே போகும். மோங்கோடிபியை நிறுவி, ஆவணத் தொகுப்பான ஒரு கலெக்‌ஷனின் பெயரைச் சொல்லி ஓர் ஆவணத்தை உள்ளே போட்டால் அது மறுபேச்சின்றி ஏறிவிடும். அட்டவணை வரைய வேண்டாம். எது எண், எது எழுத்து என்று முன்கூட்டி அறிவிக்க வேண்டாம். அந்தப் பெயரில் கலெக்‌ஷனே இல்லையென்றால் அந்த நொடியிலேயே ஒன்று உருவாகும். பெயரில் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டியிருந்தாலும் அப்படியே உருவாகும். பிழைச் செய்தி வராது. அறிமுகப் பாடங்கள் பலவும் இந்த இலகுவில் தொடங்கி இதிலேயே நின்றுவிடுகின்றன. தொடக்கத்தை அதற்கும் முன்னால் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. எந்தத் தகவல் எதனோடு ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும், எது வெளியே நிற்க வேண்டும் என்ற எல்லைக்கோட்டை வரைவதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். அதைக் கற்காமல் கட்டளைகளை மட்டும் கற்றவர், சில மாதங்களில் தானே எழுதிய நிரலோடு மல்லுக்கட்ட நேரும்.

கடை ஒன்றில் ரசீதும் இருக்கிறது, பேரேடும் இருக்கிறது. ரசீதில் வாங்கியவர் பெயர், பொருள்கள், அன்றைய விலை, தள்ளுபடி, மொத்தம் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். அதைப் படிக்க வேறொரு புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். பேரேட்டில் ஒவ்வொன்றும் அதனதன் பக்கத்தில் ஒரே ஒருமுறை இருக்கும். முழுக்கதையும் வேண்டுமென்றால் பக்கங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐபிஎம்மின் எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுமுறைத் தரவு மாதிரி பேரேட்டின் ஒழுங்கைச் சார்ந்தது. 2009இல் வெளியான மோங்கோடிபி, அதற்குச் சில ஆண்டுகள் முந்திய கவுச்டிபி போன்றவை ரசீதின் ஒழுங்கைச் சார்ந்தவை. ஓர் ஆர்டரை அட்டவணைகளில் வைத்தால் வாடிக்கையாளர், ஆர்டர், ஆர்டரின் வரிகள், முகவரி என்று நான்காகப் பிரியும். ஆவணத்தில் அது ஒன்றாகவே இருக்கும், பொருள்களின் பட்டியல் அதற்குள்ளேயே அடங்கும்.

இங்கே எழும் முதல் ஆட்சேபம் வலுவானது. ஒரே தகவலைப் பல இடங்களில் எழுதலாமா? மாற்றம் வந்தால் எல்லா இடத்திலும் திருத்த வேண்டாமா? அந்தத் தகவல் மாறக்கூடியதா, நடந்து முடிந்ததா என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். ஒரு சேலை 2,400 ரூபாய்க்கு விற்ற பிறகு அதன் விலை 2,800 ஆனாலும், பழைய ஆர்டரில் 2,400 தான் இருக்க வேண்டும். அது பொருளின் விலை என்பதைத் தாண்டி, அந்த விற்பனையின் உண்மையாகிவிட்டது. அட்டவணைகளோடு பழகிய கவனசாலிகளும் விற்ற விலையை ஆர்டரின் வரியிலேயே எழுதிவைப்பது இதனால்தான். பொருள் அனுப்பப்பட்ட முகவரிக்கும் இதே நியாயம் பொருந்தும். வாடிக்கையாளர் வீடு மாறினாலும் போய்ச் சேர்ந்த இடம் மாறாது. ஆனால் அவருடைய இன்றைய கைபேசி எண்ணை ஒவ்வொரு ஆர்டரிலும் நகலெடுத்து வைப்பது தவறு. அது இன்றும் மாறக்கூடியது. வாடிக்கையாளரின் ஆவணத்தில் மட்டும் இருக்க, ஆர்டரில் அவரது அடையாள எண் இருந்தால் போதும்.

எல்லைக்கோட்டுக்கு இன்னொரு சோதனையும் உண்டு, வளர்ச்சி. ஆர்டர் ஒன்றில் ஐந்து பொருளோ ஐம்பது பொருளோ இருக்கலாம். ஆர்டர் முடிந்ததும் பட்டியலும் முடிந்துவிடும். ஒரு பொருளுக்கு வரும் விமர்சனங்கள் அப்படியல்ல. அவற்றைப் பொருளின் ஆவணத்துக்குள்ளேயே அடுக்கினால் அடுக்குக்கு முடிவே இராது. மோங்கோடிபியில் ஓர் ஆவணம் 16 மெகாபைட்டைத் தாண்ட முடியாது. அந்த வரம்பை எட்டுவதற்கு வெகு முன்பே, விலையை மட்டும் காட்ட வேண்டிய பக்கத்துக்காகக்கூட ஆயிரக்கணக்கான விமர்சனங்களையும் சுமந்த பெரிய ஆவணத்தைச் சேவையகம் வட்டிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். விமர்சனங்கள் தனிக் கலெக்‌ஷனில் இருக்கட்டும். கடைசிப் பத்து மட்டும் பொருளோடு இருந்தால், பெரும்பாலோர் பார்க்கும் பக்கம் ஒரே வாசிப்பில் கிடைத்துவிடும்.

ஆவணத் தரவுத்தளத்தை ‘ஸ்கீமா இல்லாத தரவுத்தளம்’ என்று அழைப்பது புதியவர்களுக்குச் செய்யும் பெரும் தீங்கு. ஸ்கீமா, அதாவது தரவு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்ற விதி, எங்கும் போய்விடுவதில்லை. தரவுத்தளத்தின் வாசலில் நின்ற காவல், தரவைப் படிக்கும் நிரலின் ஒவ்வொரு மூலைக்கும் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஒரு நிரல் அஞ்சல் குறியீட்டை எழுத்தாக எழுத, இன்னொன்று எண்ணாக எழுதியது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஏறிவிடும். எழுத்தாகத் தேடினால் எண்ணாக உள்ளவை வாரா. எண்ணாகத் தேடினால் மற்றவை வாரா. பிழை என்று எதுவும் தோன்றாமல், எண்ணிக்கை மட்டும் குறைந்து நிற்கும். இல்லாத புலமும் வெற்று மதிப்புள்ள புலமும் வேறு வேறு. வெற்று மதிப்பைத் தேடினாலோ இரண்டும் சேர்ந்தே வரும். மோங்கோடிபியில் 3.2ஆம் பதிப்பிலிருந்து ஆவணங்களுக்கு விதிமுறை வைத்துச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. முதல் நாளிலேயே அதை இயக்கிவிட வேண்டும் என்பேன். வேகம் குறையுமே என்று தயங்குபவர்கள், ஓராண்டுத் தரவை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2018இல் வந்த மோங்கோடிபி 4.0 பதிப்பு பல ஆவணங்களைச் சேர்த்து மாற்றும் பரிவர்த்தனையைத் தந்துவிட்டதே, பிறகு எல்லைக்கோட்டைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். ஓர் ஆவணத்துக்குள் நடக்கும் மாற்றம் தொடக்கத்திலிருந்தே முழுதாக நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது. எல்லையைச் சரியாக வரைந்தால் பெரும்பாலான மாற்றங்கள் ஒரே ஆவணத்துக்குள் அடங்கிவிடும். பரிவர்த்தனைக்கான கூடுதல் செலவு அரிதாகவே தேவைப்படும். ஒவ்வொரு செயலுக்கும் அது தேவைப்படுகிறது என்றால், அந்தத் தரவு ரசீதாக இருக்க விரும்பவில்லை என்று பொருள்.

கடைசி ஆட்சேபத்தை நான் பாதி ஏற்கிறேன். உறவுமுறைத் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் 2014இல், 9.4ஆம் பதிப்பிலேயே, ஜேசனை இருமவடிவில் சேமித்து இன்டெக்ஸ் போடும் வசதியைக் கொண்டுவந்துவிட்டது. அப்படியிருக்க ஆவணத் தரவுத்தளம் தனியாக எதற்கு? தரவில் ஒரு மூலை மட்டும் நெகிழ்வாக இருக்க, மற்றதெல்லாம் பேரேடாக இருக்குமானால் போஸ்ட்கிரெஸ் போதும், அதுவே நல்லது. காட் அன்று எழுப்பிய ஆட்சேபமும் பேரேட்டின் பக்கமே சேர்கிறது. தரவை மரம்போல் அடுக்கினால், அடுக்கிய திசையில் கேட்கும் கேள்விக்கு மட்டுமே விடை எளிதில் கிடைக்கும் என்பதை, பாகங்களையும் அவை பயன்படும் திட்டங்களையும் வைத்து அவர் காட்டினார். அந்த விமர்சனம் இன்றும் செல்லும். ஆர்டருக்குள் இருக்கும் பொருள் எண்ணுக்கு இன்டெக்ஸ் போட்டால், ‘இந்தச் சேலை எந்தெந்த ஆர்டரில் போனது’ என்பதற்கு விடை உடனே வரும். ‘எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்த இரண்டு பொருள்கள் சேர்ந்து விற்றன’ என்பது அன்றாடக் கேள்வியாகிவிட்டால் நிலைமை வேறு. ஆகவே கற்கத் தொடங்குபவர் நிறுவுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, செயலி தினமும் கேட்கப்போகும் கேள்விகளை, எத்தனை முறை கேட்கும் என்ற கணிப்போடு எழுதட்டும். பத்தில் எட்டு ‘இந்த ஆர்டரைக் காட்டு’ என்ற வகையாக இருந்தால் ஆவணம் அவருக்குப் பொருந்தும். எட்டும் ஊர், மாதம், பொருள் என்று குறுக்கே வெட்டிப் போனால், மோங்கோடிபியை அன்று நிறுவாமலே எழுந்துவிடலாம்.