பட்டாசு என்று சொன்னேன்

எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் வெடிக்காயத்தோடு ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் யாரும் அதிகம் துருவிக் கேட்பதில்லை. சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. தீபாவளி முடிந்த கையோடு என்றால் கேள்வியே வராது. 2020 நவம்பர் கடைசியில் அந்த வசதியை நான் பயன்படுத்திக்கொண்டேன். எங்கள் தோப்புக் காவல்காரரின் வலது கண் பட்டாசால் போகவில்லை. என் துப்பாக்கியால் போனது.

ராஜபாளையம் வீட்டில் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. தாத்தாவின் கிரீனர் இரட்டைக்குழல். ஒரு .22 பிஎஸ்ஏ. மூன்றாவது .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ரைபிள். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் 1947-க்குப் பிறகு கப்பலேறும்போது தாத்தாவுக்கு விற்றுவிட்டுப் போனது. தாத்தா வேட்டை நாய்களோடு காட்டுக்குள் போனவர். நான் போனதில்லை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையே சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாகிவிட்டது. நான் செய்த வேட்டையெல்லாம் விருந்தாளிகள் வந்தால் பீரோவைத் திறந்து காட்டுவதுதான். 'லண்டன் வேலைப்பாடு, இந்த ரகத் தோட்டா 1912-இல் வந்தது, ஆப்பிரிக்காவில் யானையைச் சாய்த்தது' என்று ஒப்பிப்பேன். அவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கு அது போதும்.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். மிச்சத்தை ஒப்படைக்க ஓராண்டு அவகாசம். ஹாலண்டைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதற்குத் தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு தடவையாவது அது வெடிப்பதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று ஆசை. வெளியூர் நண்பர்களைச் செண்பகத்தோப்பு போகும் வழியில் இருக்கும் எங்கள் மாந்தோப்புக்கு அழைத்தேன். அங்கே சுட எனக்கு அனுமதி கிடையாது. தாத்தா காலத்து கைனாக் தோட்டாப் பெட்டி ஒன்று இருந்தது. அது உரிமத்தில் கணக்கு காட்டாத பெட்டி. இரண்டும் தெரிந்தேதான் செய்தேன்.

காவல்காரர் பெட்டியோடு என் வலப்பக்கம் நின்றார். என் வயதுக்காரர். அவருடைய அப்பா என் தாத்தாவோடு காட்டுக்குப் போனவர். முதல் தோட்டா வெடித்தது. மலையில் மோதி எதிரொலித்தது. நண்பர்கள் கைதட்டினார்கள். இரண்டாவது தோட்டாவுக்கு 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது.

பழைய தோட்டா சில சமயம் பிந்தி வெடிக்கும். குழலை மண்மேட்டுப் பக்கமே நீட்டிப்பிடித்து, ஒரு நிமிஷமாவது பொறுத்து, பிறகுதான் போல்ட்டைத் திறக்க வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் எவனுக்கும் தெரிந்த பாடம். எனக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. “கொஞ்சம் பொறுங்க மொதலாளி” என்றார்.

அதைக் கேட்டுப் பின்னால் யாரோ சிரித்தார்கள். என் முகம் சூடானது. தோப்புக் காவல்காரர் சொல்லி நான் பொறுப்பதா? இதைவிட நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. போல்ட்டைத் தூக்கி இழுத்தேன். தோட்டா பாதி வெளியே வந்த நிலையில் வெடித்தது. எனக்கு மணிக்கட்டில் சூடுபட்டது. பித்தளைக் கூடு கிழிந்து சிதறியது. அவர் பெட்டியைப் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். விரல் இடுக்கில் ரத்தம்.

மதுரைக்குக் காரில் போகும் வழியெல்லாம் அவருக்குப் பாடம் நடத்தினேன். துப்பாக்கி என்று சொன்னால் வழக்கு வரும், உரிமம் போகும், உனக்கும் விசாரணை உண்டு என்று பயமுறுத்தினேன். “பட்டாசுன்னு சொல்லு. மத்ததை நான் பாத்துக்கிறேன்.” அவர் வலியோடு தலையாட்டினார்.

அவர் சொன்னதை வைத்து வெடிமருந்துக் காயத்துக்கு வைத்தியம் தொடங்கினார்கள். மறுநாள் ஸ்கேனில் உலோகத் துண்டு தெரிந்தது. எடுத்த பிறகு டாக்டர் என்னிடம் கேட்டார்: “பட்டாசுல ஏதுங்க பித்தளை?” பக்கத்தில் ஏதோ கிடந்திருக்கும் என்றேன். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு அது. செம்பு கலந்த துண்டு கண்ணுக்குள் இருக்க இருக்கக் கெடுதல் என்று பிற்பாடு படித்தேன். முதல் நாளே சொல்லியிருந்தால் பார்வை பிழைத்திருக்குமா என்று எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. பதிலுக்குப் பயம்.

இன்னும் இருக்கிறது. விசாரணை எதுவும் வராது என்று தெரிந்ததும் எனக்குத் துணிச்சல் வந்தது. டிசம்பரில் நான் ஒப்படைத்தது தாத்தாவின் கிரீனரை. ஹாலண்டை வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிச் செலவு என்னுடையதுதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குக் கொடுத்த பணத்தையெல்லாம் சம்பள முன்பணம் என்று நோட்டில் எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்குத் தெரியும். நஷ்டஈடு என்று எழுதினால் அது சாட்சியாகிவிடும்.

ஒற்றைக் கண்ணில் அவருக்குத் தூரம் பிடிபடவில்லை. ஏணியில் கால் வைக்க இடம் தடுமாறுகிறார். இருட்டினால் வரப்பில் நடப்பதில்லை. காவல் வேலையை விட்டுவிட்டார். அவர் மனைவி சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறிக்குப் போகிறார்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். முன்பணம் எழுதிய தாள்களைக் கிழித்துக் கொடுத்தேன். போலீஸில் போய் நடந்ததைச் சொல்லப்போகிறேன் என்றேன். எழுதவும் போகிறேன் என்றேன். என்னைப் பாராட்டுவார் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் தாள்களை மடித்து வைத்துக்கொண்டார்.

“எம் பேரு எதுலயும் வரக் கூடாது மொதலாளி. பையன் ஒங்க தோப்புலதான வேல பாக்கான்.”